பசியில்லாத தெரு

அத்தியாயம் ஒன்பது

சென்ற வாரம் வினார்சியைக் கொதிக்கும் தேங்காய்ப்பால் அண்டாவுக்கு முன்னால் நிறுத்திவிட்டு நாம் பாட்டுக்குப் போய்விட்டோம். பாவம், வியர்வையைத் துடைக்கக்கூட அவளுக்கு ஒரு கை மிச்சமில்லை. இப்போதாவது அடுப்பைத் தணித்து அவளை உட்கார வைக்கலாம் என்றால் முடியாது. இன்று வெள்ளிக்கிழமை. அவள் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய வெள்ளிக்கிழமை வந்ததில்லை.

எட்டு மாதத்துக்கு முன்பு அவள் கணவர் ஹார்தோனோ சந்தை வாசலில் சுருண்டு விழுந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சோலோ நகரத்துக் கல்யாண வீடுகளில் மேடையேறி, மணமக்களை வரவேற்று, பெரியவர்களை வணங்கி, வந்தவர்களுக்கு நன்றி சொல்லி, மணிக்கணக்கில் தேனொழுகப் பேசுகிற மனிதர் அவர். அவர் பேசுகிற கல்யாணங்களில் பாதிக்கு வினார்சிதான் சமையல். அப்படிப்பட்டவரின் வலது பக்கமும் நாக்கும் ஒரே நாளில் இழுத்துக்கொண்டன.

ஆம்புலன்ஸ் வருகிற வழியைக் காணோம். சந்தை முனையில் ரிக்‌ஷா போட்டிருந்த துகிமன்தான் அவரைத் தூக்கி முன் இருக்கையில் சாய்த்து, பின்னாலிருந்து மிதித்தார். இன்னும் இரண்டு பேர் தங்கள் வண்டிகளை நடுத்தெருவில் போட்டுவிட்டு, ஹார்தோனோவின் தலை சாயாமல் பிடித்தபடி கூடவே ஓடினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் வினார்சி வந்து பணப்பையைத் திறந்தபோது மூவரையும் காணோம்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து அவள் நேர்ந்துகொண்டாள். "இந்த மனுஷனை எனக்குத் திருப்பிக் கொடு, ஆண்டவனே. இவர் தன் காலால நடந்து பள்ளிவாசலுக்குப் போய் வர்ற முதல் வெள்ளிக்கிழமை, எங்க தெருவுல வண்டி மிதிக்கறவங்க, மூட்டை தூக்கறவங்க, குப்பை பொறுக்கறவங்க எல்லாரையும் வயிறாரச் சாப்பிட வைக்கிறேன். அதோட நிறுத்த மாட்டேன். என் கையில தெம்பு இருக்கற வரைக்கும் வாராவாரம் போடறேன்."

இந்த நேர்ச்சையை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆண்டவனோடு பேரம் பேசுவது ஹார்தோனோவுக்குப் பிடிக்காது.

வீட்டாரிடம் அவள் சொன்னதெல்லாம், "ஏழை எளியவங்களுக்குச் சோறு போடணும்னு ஆசையா இருக்கு" என்பதுதான். அதைக் கேட்டு மருமகள் கினாந்தி மளமளவென்று வேலையில் இறங்கிவிட்டாள். ஜகார்த்தாவில் வளர்ந்த பெண். எதையும் முறையாகப் பதிவு செய்து, பெயர் வைத்து, ஆள் சேர்த்துத்தான் செய்ய வேண்டும் என்பாள். கப்பலில் வேலை பார்க்கிற கணவனுக்கும் போனிலேயே கட்டளை போட்டு ஓர் அறக்கட்டளையைத் தயார் பண்ணிவிட்டாள். ஹார்தோனோவின் அக்கா மூர்த்தினிங் பாத்திக் துணிக்கடை வைத்திருக்கிற பெரிய கை. வாராவாரம் அரிசியும் எண்ணெயும் தன் பொறுப்பு என்று ஒப்புக்கொண்டாள். சும்மா ஒப்புக்கொள்வாளா? அரிசி மூட்டைகளின் மேலேயே சுருட்டி வைத்த ஒரு பேனரும் வந்து இறங்கியது.

இன்று நண்பகலில் ஹார்தோனோ கைத்தடியை ஊன்றிக்கொண்டு, யார் தோளையும் பிடிக்காமல், ஜும்ஆ தொழுகைக்குப் புறப்பட்டார். வினார்சி சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால் அந்தக் கண்ணீருக்குக் காரணம் கேட்க ஆளில்லை.

*

வாசலில் மேசை போட்டாயிற்று. தேங்காய்ப்பால் சோறு, மஞ்சள் பூசிப் பொரித்த கோழி, சோயாவில் செய்த தெம்பே வறுவல், தேங்காய்த் துருவலில் பிசைந்த கீரை. கல்யாணச் சமையல்காரி தன் சொந்த நேர்ச்சைக்குச் சமைத்தால் எப்படி இருக்கும்? அடுத்த தெருப் பூனைகள் எல்லாம் மதிலில் வந்து உட்கார்ந்துவிட்டன.

மேசைக்கு மேலே வீட்டின் அகலத்துக்குப் பேனர். 'ஏழை எளியவர்களுக்கு இலவச உணவு' என்று சிவப்பில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே அதைவிடப் பெரிதாக மூர்த்தினிங்கின் கடைப் பெயர். காலையில் அதைக் கட்டும்போது, "எழுத்து நல்லாப் பெருசா இருக்கு, தூரத்துலேருந்தே தெரியும்" என்று சந்தோஷப்பட்டது வினார்சியேதான். கினாந்தி செல்போனோடு எதிரில் நின்றாள். பெரியத்தை மூர்த்தினிங்குக்குப் படம் அனுப்பியாக வேண்டும்.

தொழுகை விட்டுத் தெரு நிறைய ஆட்கள் வந்தார்கள். ஹார்தோனோ யாரோடும் நிற்காமல், பின்பக்கச் சந்து வழியாகவே வந்து உள்ளே போய்விட்டார். அவருக்குப் பிறகு முன்வாசலுக்கு முதலில் வந்தவர் துகிமன். வெயிலில் காய்ந்த ஒல்லி உடம்பு, ரிக்‌ஷாவை இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார். அவளுக்கு அவர் 'பாக்', அதாவது ஐயா; அவருக்கு அவள் 'இபு', அதாவது அம்மா.

"பாக் துகிமன், சாப்பிட்டாச்சா? வாங்க வாங்க."

"ஆச்சு, இபு. இப்பத்தான் ஆச்சு."

"தொழுகையே இப்பத்தானே முடிஞ்சுது. அதுக்குள்ள எங்க சாப்பிட்டீங்க?"

"அதுக்கு முன்னாடியே ஆயிடுச்சு." துகிமன் சிரித்தார். தலைக்கு மேலே பேனரை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "வாசனையே வயித்தை ரொப்பிடுச்சு, இபு. வரட்டுமா?"

எங்கள் ஊரில் முதல் இரண்டு 'வேண்டாம்' கணக்கில் சேராது. அது வெறும் மரியாதை. மூன்றாம் முறை கேட்டால் தட்டை வாங்கிக்கொள்வார்கள். வினார்சி மூன்றாம் முறையும் கேட்டாள். பிறகு வெட்கத்தை விட்டு இன்னொரு முறையும் கேட்டாள். துகிமன் தலையைத் தாழ்த்தி, அதே சிரிப்போடு வண்டியில் ஏறி மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

"இன்னிக்கு நோன்பு, இபு" என்றான் ஒரு மூட்டை தூக்குகிறவன். அவன் விரலிடுக்கில் சிகரெட் புகைந்துகொண்டிருந்தது.

காலி பாட்டில் பொறுக்குகிற சாக்கெம், "வீட்ல ஆக்கி வச்சிட்டுத்தான் வந்தேன். இங்க சாப்பிட்டா அது கெட்டுப்போயிடும்" என்றாள். சாக்கெமுக்கு வீடே கிடையாது, பாலத்துக்கடியில் ஒரு தகரமும் ஒரு பாயும்தான் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்குத் தெரியும் என்பது சாக்கெமுக்கும் தெரியும். ஆனாலும் நிமிர்ந்த தலை நிமிர்ந்தபடியே போனாள்.

அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் கேள்விக்கே இடம் கொடுக்கவில்லை. எதிர்ப்பக்கத்துக்குக் கடந்து, சுவரோரமாக நடந்து போய்விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் தெரு காலியாயிற்று. அந்தத் தெருவில் ஒருத்தருக்கும் பசியில்லை.

*

"நீ எதுக்குப் போனைத் தூக்கிட்டு நின்னே?" வினார்சி மருமகள்மேல் பாய்ந்தாள். "திருடனைப் பிடிக்க நிக்கற மாதிரி நின்னா எவன் வருவான்?"

"நான் என்னம்மா பண்ணேன்? ஏழைங்களுக்குன்னு போட்டிருக்கு. ஏழைங்க வருவாங்கன்னுதானே நினைப்பேன்?"

"உங்க ஜகார்த்தாவுல வருவாங்க."

"ஜகார்த்தாவுலயும் பசிச்சாத்தான் வருவாங்க. இங்க யாருக்கும் பசிக்கலையே." அறக்கட்டளையைப் பதிவு செய்ய இரண்டு மாதம் அலுவலகம் அலுவலகமாக அலைந்தவள் அவள்.

வேறு நாளாக இருந்தால் இந்தச் சண்டை ராத்திரிவரை நீண்டிருக்கும். இன்று வினார்சிக்கு அதற்கு நெஞ்சில் இடமில்லை. அவள் வெயிலைப் பார்த்தாள். சூரியன் இறங்கினால் இந்த நாள் முடிந்தது. முதல் வெள்ளிக்கிழமை என்று சொல்லி நேர்ந்தது அவள் வாய்தான். சொன்ன சொல்லைக் காப்பாற்றாமல் விட்டால், கொடுத்தவன் கொடுத்ததைத் திருப்பிக் கேட்க மாட்டான் என்று என்ன நிச்சயம்? தோள்துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு சந்தை முனைக்கு நடந்தாள்.

துகிமன் தன் ரிக்‌ஷாவிலேயே காலை நீட்டி உட்கார்ந்து, பிளாஸ்டிக் பையில் உறிஞ்சுகுழல் போட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வண்டியில் ஒருவன் தொப்பியை முகத்தில் கவிழ்த்துத் தூங்கினான், அல்லது தூங்குவதாகக் காட்டிக்கொண்டான். அவன் பெயர் பார்ஜோ. அன்றைக்கு ஹார்தோனோவின் தலையைப் பிடித்தபடி ஓடியவர்களில் ஒருவன்.

வினார்சி நடைபாதை ஓரத்தில் தரையில் உட்கார்ந்தாள். துகிமன் பதறிக் குதித்து இறங்கினார்.

"இபு, தரையில உட்காராதீங்க. பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"என்ன சாப்பிட்டீங்கன்னு சொல்லுங்க. எழுந்துக்கறேன்."

துகிமன் கையிலிருந்த தேநீர்ப் பையைப் பார்த்தார். அதை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"என் கோழி நல்லா இருக்காதுன்னு நினைச்சீங்களா?"

"உங்க கைக் கோழியைக் குறை சொன்னா நாக்கு அழுகிப்போயிடும்." கண்ணைச் சக்கரத்துக்குத் திருப்பி, "பாக் ஹார்தோனோ நல்லா இருக்காரா?" என்றார்.

"நல்லா இருக்காரு. இன்னிக்கு நடந்தே வந்தாரே, நீங்களும் பள்ளிவாசல்லதானே இருந்தீங்க?"

"இருந்தோம். அவரு நடந்து வர்றதைப் பார்த்து எங்களுக்குத் தொழுகையிலயே கவனமில்லை. வெளிய வந்ததும் ஒரு சலாம் சொல்லலாம்னு மூணு பேரும் வாசல்ல காத்து நின்னோம். அவரு பக்கத்து வாசல் வழியாப் போயிட்டாரு."

வினார்சிக்குக் காரணம் தெரியும். குழறுகிற நாக்கை ஊர் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக ஹார்தோனோ சொந்த அக்காவிடம்கூட எட்டு மாதமாகப் பேசவில்லை. அக்கா வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். வீட்டில் வினார்சியும் கினாந்தியும் தவிர அவர் குரலைக் கேட்டவர் இல்லை. ஆனால் அது இவர்களுக்கு எப்படித் தெரியும்?

"உங்க வீட்டு வாசலைத் தாண்டித்தான் தினமும் போறோம். ஜன்னல் சாத்தியே இருக்கு." துகிமன் இன்னும் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கு ரயில்வே கேட்டுல வண்டி கொஞ்சம் குலுங்கிடுச்சு, இபு. நான் அவசரத்துல மிதிச்சுட்டேன். அதனாலதான் அவருக்குக் கை வரலையோ, அந்தக் கோவமோன்னு நான் நினைக்காத நாளில்லை. கேட்கவும் முடியலை. இன்னிக்குத் திடீர்னு வாசல்ல ஒரு துணி தொங்குது. எங்களுக்கு ஒரு பேரும் வச்சிருக்கு."

அவர் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் வினார்சியை அதிகமாகச் சுட்டது.

"சோறு போட ஆள் இருக்கு" என்றான் பார்ஜோ, தொப்பியை எடுக்காமலே. "கூப்பிடத்தான் ஆள் இல்லை."

"நீ தூங்குடா" என்றார் துகிமன்.

*

ஹார்தோனோ பின்னறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வினார்சி கதவைச் சாத்தாமலே ஆரம்பித்தாள். சாத்துகிற பொறுமை இல்லை.

"வாசலுக்கு வாங்க. அவங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசுங்க."

அவர் தலையை அசைத்தார். "மு...டியாது."

"முடியும். இப்பப் பேசறீங்களே."

"இதுவா... பேச்சு?" அவர் கோணிய வாயைத் தொட்டுக் காட்டினார். "எத்தனை... கல்யாணம். எல்லாருக்கும்... தெரியும்... என் குரல். இதைக் கேட்டா... பாவம்னு... பார்ப்பாங்க."

"பாவம்னு பார்த்தா என்ன? அவங்களை நாம பேனர் கட்டிப் பாவம்னு பார்த்தோமே. அவங்களுக்கு மட்டும் வலிக்காதா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் வினார்சி, எட்டு மாதம் பூட்டி வைத்ததை எல்லாம் கொட்டினாள். ஆஸ்பத்திரி நடை, நேர்ச்சை, இன்றைய வெள்ளிக்கிழமை. "திட்டறதா இருந்தாத் திட்டுங்க. உங்களைத் திருப்பி வாங்க எனக்கு வேற என்ன தெரியும்? சமைக்கத்தான் தெரியும். அதையே கொடுக்கறேன்னு சொன்னேன். இப்ப அந்தச் சோறு வாசல்ல ஆறிக் கிடக்கு. எனக்குப் பயமா இருக்குங்க."

கினாந்தி கதவோரம் வந்து நின்றாள். கேட்டுவிட்டாள் என்பது அவள் கண்ணிலேயே தெரிந்தது. மாமியார் இந்தச் சோற்றுக்காக ஏன் இப்படித் துடித்தாள் என்று அவளுக்கு இப்போதுதான் புரிந்தது.

"அம்மா, இதை முன்னாடியே சொல்லியிருந்தா நான் அறக்கட்டளையும் வேணாம், பேனரும் வேணாம்னு சொல்லியிருப்பேனே. இது நன்றி விருந்து. அப்படிச் சொல்லித்தானே கூப்பிடணும்?" என்றாள். "இமாமைக் கூட்டிட்டு வரவா? விருந்துக்கு என்ன காரணம்னு அப்பாவுக்குப் பதிலா அவர் எடுத்துச் சொல்லட்டும். எல்லா வீட்டுலயும் அதானே பண்றாங்க?"

ஹார்தோனோ அவசரமாகத் தலையாட்டினார். அது நல்லது, இமாம் சொல்லட்டும்.

"இமாம் சொல்லலாம். தப்பில்லை" என்றாள் வினார்சி. கோபம் எல்லாம் வடிந்து களைப்புதான் மிச்சமிருந்தது. "ஆனா அந்த துகிமன் வண்டியை வேகமா மிதிச்சதாலதான் உங்க கை போச்சுன்னு நினைச்சுட்டிருக்காரு. நீங்க கோவமா இருக்கீங்களாம். ரயில்வே கேட்டுல குலுங்கிடுச்சாம். அதுக்கு இமாம் என்ன பதில் சொல்லுவாரு?"

ஹார்தோனோ நிமிர்ந்தார்.

"இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா ஆளே இல்லைன்னு டாக்டர் நம்மகிட்டத்தான் சொன்னாரு. நாம துகிமன்கிட்டச் சொல்லவே இல்லை."

"அவர்... அப்படியா... நினைச்சார்?"

"எட்டு மாசமா."

ஹார்தோனோ இடது கையால் செத்த வலது கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அவர் கண்ணிலிருந்து ஒரே ஒரு பக்கம் நீர் இறங்கியது. பிறகு அலமாரியைக் காட்டினார்.

"சட்டை" என்றார்.

*

கினாந்தி மேசைமேல் ஏறிப் பேனரை அவிழ்த்தாள்.

"பெரியத்தை சாயங்காலம் வர்றதாச் சொன்னாங்களே" என்றாள் வினார்சி.

"வரட்டும். நான் பேசிக்கறேன்."

அந்த மூன்று சொல்லுக்காக வினார்சி இத்தனை நாள் அவள்மேல் வைத்திருந்த மனத்தாங்கலில் முக்கால்வாசியைக் கழித்துவிட்டாள். மீதிக் கால்வாசியை எந்த மாமியாரும் சும்மா கழிக்க மாட்டாள்.

பேனரை மடித்து வைத்துவிட்டுக் கினாந்தி சந்தை முனைக்குப் போனாள். செல்போனை வீட்டிலேயே விட்டுவிட்டாள். ஒவ்வொரு வண்டியின் முன்னாலும் நின்று, முதுகை வளைத்து, பெரியவர்களிடம் பேசுகிற முறையில் பேசினாள். "வெயில் தாழ, அஸர் தொழுகைக்கு அப்புறம் எங்க வீட்டுல நன்றி விருந்து. அப்பா கூப்பிடறாரு. வந்து எங்களுக்காகத் துஆ செஞ்சு கொடுக்கணும்."

"அப்பாவே கூப்பிடறாரா?" என்றார் துகிமன்.

"அப்பாவேதான்."

துஆ என்கிற பிரார்த்தனை செய்யப் போகிறவன் பிச்சை வாங்கப் போகிறவன் இல்லை. அவன் வந்து உட்கார்ந்து ஆமீன் சொன்னால்தான் அந்த வீட்டு நன்றி மேலே போய்ச் சேரும். கையில் கட்டிக் கொடுக்கிற சோறு அவனுக்குச் செய்கிற மரியாதை. பார்ஜோ தொப்பியை எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தான்.

சாக்கெமை அழைக்க வினார்சியே போனாள். "சாக்கெம், உன்னைச் சாப்பிடக் கூப்பிடலை. வேலை தலைக்கு மேல கிடக்கு. வந்து இலை துடைச்சுக் கொடு."

"முதல்லயே அப்படிச் சொல்றதுக்கென்ன?" என்று சாக்கெம் சாக்கை மதிலோரம் சாய்த்துவிட்டுச் சமையலறைக்குள் நுழைந்தாள். ஆறின சோற்றை ஆவியில் சூடாக்கி, கூம்பு அச்சில் அடைத்துக் கவிழ்த்தார்கள். அச்சை எடுக்கும்போது ஒரு பக்கம் சரிந்தது. சாக்கெம் ஈரக்கையால் தட்டித் தட்டி நிமிர்த்தினாள். கை வேகத்தைப் பார்த்தால் ஒரு காலத்தில் பெரிய அடுப்பில் நின்றவள் என்று தெரிந்தது. எங்கே என்று வினார்சி கேட்டாள். சாக்கெம் கேட்காத மாதிரி கீரையைக் கிளறினாள்.

அஸர் முடிந்து அவர்கள் வந்தபோது வினார்சிக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. எல்லோரும் குளித்திருந்தார்கள். தலை படிய வாரி, கறுப்புத் தொப்பி, மடிப்புக் கலையாத சாரோங். சிகரெட்டோடு நோன்பிருந்தவனும் வந்தான். வரிசையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு முற்றத்துப் பாயில் வட்டமாக அமர்ந்தார்கள். மத்தியில் சோற்றுக் கூம்பு.

ஹார்தோனோ கைத்தடியோடு வெளியே வந்தார். பழைய மேடைச் சட்டை, இப்போது தோளில் தொளதொளத்தது. துகிமனுக்கு எதிரில் மெல்ல உட்கார்ந்தார். ஒருவரும் அவர் வாயைப் பார்க்கவில்லை. எல்லோரும் பாயைப் பார்த்தார்கள்.

விருந்து கொடுக்கிறவன் காரணத்தைச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வந்தவர்கள் 'ஆமாம்' என்று ஒப்ப வேண்டும். அதற்குப் பிறகுதான் துஆ, அதற்குப் பிறகுதான் சோறு.

"அன்னிக்கு..." என்றார் ஹார்தோனோ. நாக்கு புரளவில்லை. சமையலறை வாசலில் வினார்சி கதவைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கு... சந்தை வாசல்ல... விழுந்தேன்."

"ஆமாம்" என்றார்கள் எல்லோரும்.

"இந்த... மூணு பேர்... தூக்கிட்டு... ஓடுனாங்க."

"ஆமாம்."

"வண்டி... வேகமா... வந்துது. அந்த வேகம்... இல்லைன்னா... நான் இல்லை. டாக்டர்... சொன்னாரு."

இதற்குச் சிலர்தான் ஆமாம் என்றார்கள். துகிமன் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

"அதுக்கு... நான்... ந..." அங்கே நின்றுவிட்டது. எத்தனையோ கல்யாணப் பந்தல்களில் அடுக்கடுக்காக அலங்கரித்து அவர் சொன்ன சொல். இப்போது அதன் முதல் எழுத்திலேயே நாக்கு மாட்டிக்கொண்டது. முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது.

"ஆமாம்" என்றார் துகிமன், மெதுவாக. சொல்ல வேண்டாம், வந்து சேர்ந்துவிட்டது என்கிற மாதிரி. மற்றவர்களும் உடனே, "ஆமாம், ஆமாம்" என்றார்கள்.

ஹார்தோனோ தலையை அசைத்தார். இடது கையை உயர்த்தி அவர்களை நிறுத்தினார். மூச்சு வாங்கினார். மறுபடி முயன்றார். மறுபடியும் மாட்டிக்கொண்டது. பாயில் ஒருவரும் அசையவில்லை. மூன்றாம் முறை, வாய் கோணி, எச்சில் வழிய, குழந்தை சொல்வதுபோல் பிய்ந்து பிய்ந்து வந்தது.

"நன்...றி."

இந்த முறை வந்த 'ஆமாம்' தெருக்கோடிவரை கேட்டிருக்கும். வினார்சி தோள்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆண்டவனே, கொடுத்தாய், நீ கொடுத்தாய் என்று மனதுக்குள் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். பக்கத்தில் சாக்கெம் கரண்டியோடு நின்று, "கோழி ஆறுது" என்று முணுமுணுத்தாள். அவளுக்கும் மூக்கு சிவந்திருந்தது.

துஆ முடிந்தது. கூம்பின் உச்சியை வெட்டி ஹார்தோனோ துகிமனின் இலையில் வைத்தார். கொஞ்சம் அங்கேயே சாப்பிட்டு, மீதியை வீட்டுக்குக் கட்டிக்கொள்வது வழக்கம். ஆனால் அன்று எல்லோருக்கும் காலையிலிருந்து பசி. வினார்சி உள்ளே இருந்து மறுபடி மறுபடி சோறு அனுப்பினாள். வீட்டுக்கு என்று கட்டிய பொட்டலங்களுக்கு அடியில் இன்னொரு பொட்டலத்தைச் சத்தமில்லாமல் சேர்த்தாள். அடுத்த தெரு மூட்டைக்காரர்களுக்கும் பாலத்தடிக்காரர்களுக்கும் சோறு எடுத்துப் போக ஆட்கள் தாங்களே முன்வந்தார்கள்.

புறப்படும்போது துகிமன் ஹார்தோனோவின் வலது கையை, அந்தச் செத்த கையையே, இரண்டு கையாலும் பிடித்து நெற்றியில் ஒற்றிக்கொண்டார். பிறகு வினார்சி பக்கம் திரும்பினார்.

"அடுத்த வெள்ளிக்கிழமைக்கு என்ன காரணம், இபு?"

வினார்சி திகைத்தாள். வாராவாரம் என்று நேர்ந்திருக்கிறாள். காரணம் இல்லாமல் இவர்களை எப்படிக் கூப்பிடுவது? "அவரு நடந்து பள்ளிவாசலுக்கு..."

"அதுக்கு இன்னிக்கே சாப்பிட்டாச்சே." துகிமன் கழுத்தைச் சொறிந்தார். "என் வண்டிக்குப் பின் டயர் மாத்திட்டேன். ரொம்ப நாளா மாத்த முடியாமக் கிடந்தது. அதுக்கு நன்றி சொல்லியாகணும். என் வீட்டுல நாலு பேர் உட்காரப் பாய் விரிக்க இடமில்லை. காரணம் என்னுது, அடுப்பு உங்களுது. சரியா வருமா?"

"வரும்" என்றாள் வினார்சி. "வராம என்ன?"

"அதுக்கு அடுத்த வாரம் எனக்கு" என்றான் பார்ஜோ. "பொண்டாட்டி கோச்சுக்கிட்டுப் போனவ திரும்பி வந்துட்டா."

"அது நன்றி சொல்ற விஷயமான்னு முதல்ல யோசிச்சுக்கோ" என்றார் துகிமன்.

சிரிப்புக்கு நடுவில் சமையலறையிலிருந்து சாக்கெமின் குரல் வந்தது. "என்கிட்டயும் ஒண்ணு இருக்கு. எல்லாரும் போனதுக்கு அப்புறம் சொல்றேன்."

வினார்சி திரும்பிப் பார்ப்பதற்குள் தெருமுனையில் ஹாரன் சத்தம். மூர்த்தினிங்கின் வெள்ளைக் கார் ரிக்‌ஷாக்களுக்கு நடுவில் வழி கேட்டுக்கொண்டு வந்து நின்றது. கதவைத் திறந்து இறங்கிய மூர்த்தினிங், முதலில் வெறும் சுவரைப் பார்த்தாள். பிறகு பாயில் மிச்சமிருந்தவர்களை.

"என் பேனர் எங்கே? படம் அனுப்பறேன்னியே கினாந்தி, படம் எங்கே? யாரைக் கேட்டு என் அரிசியை..."

கினாந்தி மடித்த பேனரை எடுத்துக்கொண்டு முன்னால் போனாள். அவளைத் தனியாக விட மனமில்லாமல் வினார்சியும் கூடவே போனாள். அதற்குள் கைத்தடி ஒன்று இருவருக்கும் குறுக்கே நீண்டது.

"நீங்க... இருங்க" என்றார் ஹார்தோனோ. "நான்... பேசறேன்."

எட்டு மாதமாகத் தம்பியின் குரலைக் கேட்டிராத மூர்த்தினிங், கேட்ட கேள்வியை மறந்து, கார்க் கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.